பெட்ரோலில் தண்ணீரா, கலப்படமா? பங்க்கிலேயே கண்டறிய என்ன வழி?

பல்லாவரத்துப் பயணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். போன வாரம் பெய்த கனமழைக்கு மறுநாள் காலை, வழக்கமாகப் போகும் பங்க்கில் ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு கிளம்பினேன். மேம்பாலம் ஏறுவதற்குள் வண்டி இழுவை குறைந்து, திணறி, நின்றே போயிற்று. மெக்கானிக் டேங்க்கிலிருந்து வடித்ததைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றிச் சற்று நேரம் அசையாமல் வைத்தார். மேலே பெட்ரோலும், அடியில் லேசாகக் கலங்கிய இன்னொரு அடுக்குமாக அது இரண்டாகப் பிரிந்து நின்றது. பாட்டிலைக் கொண்டுபோய்ப் பங்க்கில் காட்டியபோது, "இப்போதெல்லாம் எத்தனால் கலந்துதான் வருகிறது, அது அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

நான் கேட்க விரும்புவது இதுதான். நான் பார்த்தது எத்தனாலின் இயல்பா, வேண்டுமென்றே செய்த கலப்படமா, அல்லது நிலத்தடித் தொட்டிக்குள் இறங்கிய மழைநீரா? பணம் கொடுப்பதற்கு முன்பே இதைத் தெரிந்துகொள்ள வாடிக்கையாளருக்கு ஏதேனும் வழி உண்டா?

மதுரைக் கணக்கன் எழுதியது:

கலப்படமேதான், இதில் ஆராய ஒன்றுமில்லை. சென்ற மாதம் எங்கள் ஊர்ப் பங்க் ஒன்றில் அடர்த்தியை அளந்து காட்டும்படி பிடிவாதமாகக் கேட்டேன். பம்ப்பின் மேல் எழுதியிருந்த அடர்த்தி எண், கன மீட்டருக்குக் கிலோ கணக்கில், 748. கண்ணாடிக் குடுவையில் பெட்ரோலை ஊற்றி ஹைட்ரோமீட்டரை மிதக்க விட்டபோது அது காட்டியது 731. இரண்டுக்கும் இடையே 3 வரைதான் வேறுபாடு இருக்கலாம் என்று படித்திருக்கிறேன். இங்கே 17 குறைகிறது. மண்ணெண்ணெய் கலக்காமல் இப்படி வருமா? அங்கிருந்த மேனேஜரோ ஏதோ அட்டவணையைப் புரட்டி, "எல்லாம் சரியாக இருக்கிறது சார்" என்றார்.

ஓய்வுபெற்ற கள அலுவலர் எழுதியது:

மதுரை நண்பரின் சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊர் வெயிலில் இந்தக் குழப்பம் எல்லாருக்கும் வருகிறது. பம்ப்பில் எழுதியிருக்கும் அடர்த்தி, 15 டிகிரி வெப்பநிலைக்குக் கணக்கிட்ட அடர்த்தி. பெட்ரோல் சூடேற ஏற அதன் அடர்த்தி டிகிரிக்கு ஏறத்தாழ 0.9 வீதம் குறையும். ஆகவே 15 டிகிரியில் 748 இருக்கும் பெட்ரோல், 34 டிகிரியில் 731 அளவில்தான் காட்ட வேண்டும்; காட்டாவிட்டால்தான் சந்தேகம். மேனேஜர் புரட்டியது அந்தத் திருத்த அட்டவணையைத்தான். குடுவைக்குள் ஹைட்ரோமீட்டரோடு வெப்பமானியையும் விட்டு, இரண்டு எண்களையும் ஒரே நேரத்தில் குறித்து, அட்டவணையில் 15 டிகிரிக்கு மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும். அந்த 3 என்ற வரம்பு, மாற்றியதற்குப் பிந்தைய எண்ணுக்குரியது. இன்னொன்றையும் கவனியுங்கள்: மண்ணெண்ணெய் பெட்ரோலைவிடக் கனமானது. அது கலந்திருந்தால் அடர்த்தி கூடுமே தவிரக் குறையாது. 745 இருக்கும் பெட்ரோலில் பத்தில் ஒரு பங்கு மண்ணெண்ணெய் சேர்த்தால், எண் 750ஐத் தாண்டிவிடும்.

ஆனால் அடர்த்தி சரியாக இருப்பதாலேயே பெட்ரோல் சுத்தமானது என்றும் சொல்லிவிட முடியாது. தொழில் தெரிந்த கலப்படக்காரர் கனமான மண்ணெண்ணெயோடு லேசான கரைப்பான் ஒன்றையும் சேர்த்து, எண்ணைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடுவார். வடிதாள் சோதனைக்கும் இதே வரம்பு உண்டு. பம்ப் குழாயின் மூக்கைத் துடைத்துவிட்டுத் தாளின்மேல் ஒரு துளி விட்டால், நல்ல பெட்ரோல் இரண்டு நிமிடத்துக்குள் ஆவியாகிவிடும், எண்ணெய்க் கறை நிற்காது. பெட்ரோல் முழுவதும் ஏறக்குறைய 210 டிகிரிக்குள் கொதித்து முடிந்துவிடும் என்பதாலும், மண்ணெண்ணெயின் கனமான பகுதி 300 டிகிரி வரை போகும் என்பதாலும், மண்ணெண்ணெய் கலந்திருந்தால் கறை தங்கும். லேசான கரைப்பானோ கறை வைக்காமல் தப்பிவிடும். இந்தச் சோதனைகள் ஐயத்தை எழுப்பப் போதுமானவை. ஒரு பங்க்கைக் குற்றவாளியாக்கப் போதுமானவை அல்ல. அதற்கு முத்திரையிட்ட மாதிரியும் ஆய்வகமும் வேண்டும்.

மண்ணெண்ணெய் மலிவாகக் கொட்டிக் கிடந்த காலத்தில் இந்தத் தொழில் எவ்வளவு பெரியது என்பதை இளையவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். 2005 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரியில், கலப்படம் செய்த பங்க்குக்கு முத்திரை வைத்த இந்தியன் ஆயில் விற்பனை அலுவலர் மஞ்சுநாத் சண்முகம் சுட்டுக் கொல்லப்பட்டார். 2011 ஜனவரியில் மகாராஷ்டிரத்தின் மன்மாட் அருகே, மண்ணெண்ணெய்க் கடத்தலைத் தட்டிக் கேட்ட கூடுதல் ஆட்சியர் யஷ்வந்த் சோனாவணேயை உயிரோடு எரித்தார்கள். மானிய மண்ணெண்ணெய் சுருங்கிப் போன பிறகு அந்த லாபம் பெருமளவு போய்விட்டது. என் கணிப்பில், இன்று இருசக்கர வாகனக்காரர் முதலில் அஞ்ச வேண்டியது மண்ணெண்ணெயை அல்ல, தண்ணீரை.

பல்லாவரம் நண்பரின் பாட்டிலில் இருப்பதும் அதுதான். எத்தனால் தண்ணீரை ஈர்க்கும். கொஞ்சம் ஈரம் சேர்ந்தால் அதைத் தன்னோடு கரைத்து வைத்துக்கொள்ளும், நாம் அறியவும் மாட்டோம். ஒரு வரம்பு கடந்ததும் எத்தனால் பெட்ரோலை விட்டுத் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கிவிடும். ஆகையால் பங்க்கில் சொன்னது பாதி உண்மை. எத்தனால் கலந்த பெட்ரோல் தானாக இரண்டாகப் பிரிவதில்லை, தண்ணீர் புகுந்தால்தான் பிரியும்.

இதில் அபாயம் எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். எத்தனால் கலக்காத காலத்தில் தொட்டிக்குள் நூறு லிட்டர் தண்ணீர் புகுந்தால் அந்த நூறு லிட்டர்தான் அடியில் கிடக்கும், உறிஞ்சு குழாய் அதற்கு மேலே இருப்பதால் பெரும்பாலும் வண்டிக்கு வராது. இப்போது 20 விழுக்காடு எத்தனால். தொட்டியில் 10,000 லிட்டர் இருந்தால் 2,000 லிட்டர் எத்தனால். பிரிந்து இறங்கும்போது அதில் பெரும்பகுதி தண்ணீரோடு சேர்ந்து வருவதால், அடி அடுக்கு புகுந்த தண்ணீரைப் போலப் பல மடங்காகி உறிஞ்சு குழாயை எட்டிவிடும். மழைக்கு மறுநாள் ஒரே பங்க்கில் போட்ட பல வண்டிகள் ஒரே நேரத்தில் நின்று போவதற்கு இதுவே காரணம்.

பீளமேடு பட்டறை எழுதியது:

ஐயா சொன்னதற்குப் பட்டறைப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன். தண்ணீருக்கும் மண்ணெண்ணெய்க்கும் வண்டி காட்டும் அறிகுறி வேறு. தண்ணீர் என்றால் அது உடனே தெரிந்துவிடும். பங்க்கிலிருந்து ஓரிரு கிலோமீட்டருக்குள் வண்டி விக்கி விக்கி நிற்கும், செல்ஃப் அடித்தால் சுற்றுமே தவிரப் பிடிக்காது. மண்ணெண்ணெய் அல்லது தரக்குறைவான கரைப்பான் என்றால் வண்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும், ஆனால் மேடு ஏறும்போது இன்ஜினில் தட்டும் சத்தம் கேட்கும், காலையில் கிளப்பச் சிரமப்படும், மைலேஜ் இறங்கும், பிளக்கைக் கழற்றினால் முனையில் கரி ஏறியிருக்கும். சில வண்டிகளில் பிளக் முனை செங்கல் நிறத்தில் வருவதைப் பார்த்திருக்கிறேன். ஆக்டேனை, அதாவது இன்ஜினில் தட்டாமல் எரியும் தரத்தை, கூட்டுவதற்கு இரும்புச் சேர்மம் கொண்ட பொருளைச் சேர்த்திருந்தால் அந்தச் செம்மை படியும்.

டேங்க்கிலிருந்து வடித்ததில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க நாங்கள் செய்வது எளிய வேலை. கோடு போட்ட 100 மில்லி அளவுக் குடுவையில் முதலில் 10 மில்லி தண்ணீரும், அதன்மேல் 90 மில்லி பெட்ரோலும் ஊற்றி, மூடி, குலுக்கி, பத்து நிமிடம் வைப்போம். எத்தனால் தண்ணீரோடு போய்ச் சேர்ந்துவிடும். 20 விழுக்காடு எத்தனால் இருந்தால் அடியில் இருக்கும் கோடு 10இலிருந்து 28 வாக்கில் ஏறி நிற்கும். வாடிக்கையாளர் கொண்டுவரும் பெட்ரோலில் அந்தக் கோடு 15ஐக்கூடத் தாண்டவில்லை என்றால், எத்தனால் ஏற்கெனவே பிரிந்து கீழே போய்விட்டது, மேலே மிஞ்சியதைத்தான் அவர் கொண்டுவந்திருக்கிறார் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். எத்தனால் போன பெட்ரோலின் ஆக்டேனும் இறங்கிவிடுவதால் அதையும் மறுபடி டேங்க்கில் ஊற்றக் கூடாது. இதை வீட்டுக்குள், அடுப்புக்கும் ஸ்விட்சுக்கும் அருகில் யாரும் செய்து பார்க்க வேண்டாம்.

ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வண்டியில் தண்ணீர் புகுந்ததாகச் சந்தேகம் வந்தால் திரும்பத் திரும்பச் செல்ஃப் அடிக்காதீர்கள். டேங்க்குக்குள் இருக்கும் பம்ப் பெட்ரோலிலேயே குளிர்ந்து வழுவழுப்பைப் பெறுவது. தண்ணீரைத் தள்ளினால் அதுவும் இன்ஜெக்டரும் சேர்ந்து போகும். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தால் டேங்க் கழுவும் செலவோடு முடியும்.

மதுரைக் கணக்கன் எழுதியது:

வெப்பநிலைத் திருத்தம் பற்றிச் சொன்னதற்கு நன்றி ஐயா, அதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நடைமுறையை யோசித்துப் பாருங்கள். பின்னால் பத்து வண்டி ஹாரன் அடிக்க, ஊழியர் "மேனேஜர் இல்லை, குடுவை உடைந்துவிட்டது" என்று சொல்ல, எந்த வாடிக்கையாளர் அட்டவணை பார்த்துக்கொண்டு நிற்பார்?

நாமக்கல் சக்கரம் எழுதியது:

இழை முழுவதும் பெட்ரோலாகவே போவதால் டீசல்காரன் ஒருவனின் வார்த்தையும் இருக்கட்டும். எங்களுக்கு ஆபத்து பங்க்கில் இருப்பதைவிட நெடுஞ்சாலையில்தான் அதிகம். பயோ டீசல் என்ற பெயரில் ஏதாவது ஒரு கொட்டகையில் டிரம்மிலிருந்தும் டேங்கரிலிருந்தும் லிட்டருக்குப் பல ரூபாய் குறைத்துக் கொடுப்பார்கள். உண்மையான பயோ டீசல் தாவர எண்ணெயிலிருந்து வேதிமாற்றம் செய்து எடுப்பது, அதற்கென்று தர வரையறை உண்டு. கொட்டகையில் கொடுப்பதோ பெரும்பாலும் தொழிற்சாலை எண்ணெயும் கரைப்பானும் கலந்த சரக்கு. தமிழ்நாட்டில் இதைப் பிடித்து வழக்குப் போடுவது குடிமைப் பொருள் குற்றப் புலனாய்வுத் துறை.

பழைய லாரிகளில் இன்ஜின் எதையும் செரித்துக்கொண்டது. கரும்புகை கக்கினாலும் ஓடிவிடும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு அந்தக் கதை முடிந்தது. இன்ஜெக்டர்களுக்கு டீசலைத் தள்ளும் காமன் ரெயில் பம்ப், 1,600 பார் (அழுத்த அலகு), அதற்கும் மேல் அழுத்தத்தில் வேலை செய்கிறது. பம்ப்பின் உள்ளுறுப்புகளுக்கு உயவு கொடுப்பது ஓடும் டீசலேதான். வேறு எண்ணெய் அங்கே கிடையாது. மண்ணெண்ணெய்க்கு டீசலின் வழுவழுப்பு இல்லாததால் உலோகம் உலோகத்தோடு உரசி, அரைபட்ட பொடி இன்ஜெக்டர்கள் வரை போகும். அதோடு பி.எஸ். 6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. கந்தகம் நிறைந்த சரக்கை ஊற்றினால் புகைபோக்கியில் இருக்கும் வடிகட்டியும் வினையூக்கியும் கெடும். லிட்டருக்கு மிச்சம் பிடித்தவர் பம்ப்புக்கும் இன்ஜெக்டருக்கும் லட்சக்கணக்கில் செலவழிக்கிறார். வாரண்டி கேட்டுப் போனால் கம்பெனிக்காரர் முதலில் எடுப்பது டேங்க் டீசலின் மாதிரியைத்தான்.

டீசல் லாரியில் ஒரு வசதி உண்டு, அதைப் பலர் பயன்படுத்துவதில்லை. ஃபில்டருக்கு அடியில் தண்ணீர் பிரியும் கிண்ணமும் அதற்கொரு திருகும் இருக்கின்றன. காலையில் வண்டியைக் கிளப்புவதற்கு முன் அந்தத் திருகைத் தளர்த்தி ஒரு டம்ளரில் பிடித்துப் பார்த்தால், இரவு முழுவதும் படிந்த தண்ணீர் முதலில் வரும். கரும்பழுப்பாகக் கோழை போன்று ஏதேனும் வந்தால், டேங்க்கில் நீண்ட நாளாகத் தண்ணீர் தங்கி, டீசலுக்கும் நீருக்கும் நடுவே நுண்ணுயிர் வளர்ந்துவிட்டது என்று பொருள். ஃபில்டரை மாற்றினால் மட்டும் போதாது, டேங்க்கை இறக்கிக் கழுவ வேண்டும்.

வடமராட்சியான் எழுதியது:

மண்ணெண்ணெய் பற்றிய பேச்சு வந்தபடியால் இதையும் பதிந்துவிடுகிறேன். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள்களும் கார்களும் மண்ணெண்ணெயிலேயே ஓடின. சிறு போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருந்த பெற்றோலில் சில துளிகளை காபரேட்டருக்குள் விட்டு இயந்திரத்தை எழுப்பி, அது சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அது கலப்படம் அல்ல, வேறு வழியில்லாத நிலைமை. ஆனால் மண்ணெண்ணெய் ஓர் இயந்திரத்தை என்ன செய்யும் என்பதை எங்கள் ஊர் மெக்கானிக்குகள் அன்றே முழுமையாகக் கற்றுக்கொண்டார்கள். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி இயந்திர எண்ணெயை நீர்க்கச் செய்துவிடும். எண்ணெய் அளவுக் குச்சியை இழுத்துப் பார்த்தால் மட்டம் கூடியிருக்கும், மணத்திலும் தெரிந்துவிடும்.

இலங்கையில் கலப்படத்துக்கு ஊக்கமாக இருந்தது விலை வித்தியாசமே. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்த்தப்பட்டபோது அந்த ஊக்கம் பெரும்பாலும் அற்றுப்போனது. கூடவே சிறு படகில் தொழிலுக்குப் போன கடற்றொழிலாளிகளும் அடிபட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

பல்லாவரத்துப் பயணி எழுதியது:

விளக்கங்களுக்கு நன்றி. பாட்டில் இன்னும் என்னிடம் இருக்கிறது, பங்க்கில் கொடுத்த பில்லும் இருக்கிறது. அந்தப் பாட்டிலை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி எண்ணெய் நிறுவனத்திடம் கேட்கலாமா?

ஓய்வுபெற்ற கள அலுவலர் எழுதியது:

பாட்டிலைவிட உங்கள் பில் வலுவானது. வண்டியின் டேங்க்குக்குள் போய்வந்த பெட்ரோல் சட்டப்படியான மாதிரி ஆகாது, ஏனெனில் தண்ணீர் உங்கள் டேங்க் மூடி வழியாகவே இறங்கியிருக்கலாம் என்று பங்க் உரிமையாளர் எளிதாகச் சொல்லிவிடுவார். மாதிரி என்பது பம்ப்பிலிருந்தோ தொட்டியிலிருந்தோ அதிகாரம் உள்ளவர் எடுத்து, இரு தரப்பும் கையெழுத்திட்டு, முத்திரை வைத்ததாக இருக்க வேண்டும். 2005ஆம் ஆண்டின் மத்திய அரசு ஆணைப்படி எண்ணெய் நிறுவன விற்பனை அலுவலருக்கும், அரசிதழ்ப் பதிவு பெற்ற அரசு அலுவலர்களுக்கும், துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத காவல் அதிகாரிகளுக்கும் அந்த அதிகாரம் இருக்கிறது. உங்களுக்கும் எனக்கும் இல்லை.

ஆகவே செய்ய வேண்டியதை வேகமாகச் செய்ய வேண்டும். தொட்டியில் அடுத்த லோடு இறங்கிவிட்டால் தடயம் போய்விடும். வண்டி நின்ற அன்றே பங்க்கின் புகார்ப் புத்தகத்தில் நேரம், பம்ப் எண், பில் எண் ஆகியவற்றைக் குறித்து எழுதுங்கள். அங்கே பலகையில் விற்பனை அலுவலரின் எண்ணும் நிறுவனத்தின் கட்டணமில்லா எண்ணும் எழுதியிருக்க வேண்டும், அவற்றிலும் பதிவு செய்யுங்கள். அலுவலர் வந்தால் அளவுக் குச்சியின் அடியில் நீர் காட்டும் பசையைத் தடவித் தொட்டிக்குள் இறக்குவார். தண்ணீர் பட்ட உயரம் வரை பசை நிறம் மாறும். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. பழைய வகைப் பசை தனித் தண்ணீருக்கானது, எத்தனாலும் தண்ணீரும் கலந்த அடுக்கில் அது சரியாக நிறம் மாறாது. எத்தனால் பெட்ரோலுக்கென்று உள்ள பசையைத்தான் தடவுகிறார்களா என்று நீங்களே கேட்கலாம், கேட்டால் உங்களைச் சற்று மரியாதையாகவும் நடத்துவார்கள்.

பட்டறையின் வேலைச் சீட்டில் "பெட்ரோல் போட்டேன்" என்று மொட்டையாக எழுதாமல், டேங்க்கில் நீர் இருந்தது, இத்தனை மில்லி வடித்தோம் என்று தேதியோடு எழுதி வாங்குங்கள். நிறுவனம் பதில் சொல்லாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. பில் இல்லாமல் அங்கே போய் நிற்பதில் பயனில்லை.

மதுரை நண்பரின் கேள்வி நியாயமானது. நெரிசல் நேரத்தில் யாரும் அடர்த்தி அளந்து தரமாட்டார்கள். நான் என் வீட்டாருக்குச் சொல்லியிருப்பது வேறு: விற்பனை அதிகமுள்ள பங்க்காகப் பாருங்கள், அங்கே சரக்கு தேங்காது. கனமழைக்கு மறுநாள், சாலை மட்டத்தைவிடத் தாழ்ந்து தண்ணீர் நிற்கும் பங்க்கைத் தவிர்த்துவிடுங்கள். தொட்டியின் மூடிகள் அந்தத் தரைக்குள்தான் இருக்கின்றன. சந்தேகம் வந்தால் கூட்டமில்லாத முற்பகலில் போய், வடிதாளும் அடர்த்திச் சோதனையும் கேளுங்கள். அவை உங்கள் உரிமை, இலவசம். அளவில் சந்தேகம் என்றால் எடையளவுத் துறை முத்திரையிட்ட 5 லிட்டர் பாத்திரத்தில் ஊற்றிக் காட்டச் சொல்லலாம், 25 மில்லி வரை கூடவோ குறையவோ செய்யலாம். 2017இல் உத்தரப் பிரதேசத்தில் பம்ப்புக்குள் சிப் வைத்து அளவைக் குறைத்ததைப் பிடித்தார்கள். அது அளவு மோசடி, தர மோசடி அல்ல. புகாரில் இரண்டையும் குழப்பினால் எந்தத் துறையும் பொறுப்பேற்காது.

மதுரைக் கணக்கன் எழுதியது:

அப்படியானால் எத்தனால் இல்லாத 100 ஆக்டேன் பெட்ரோலையே போட்டுவிட்டால் இந்தத் தண்ணீர்த் தொல்லை தீருமா? என்னுடையது 2016ஆம் ஆண்டு வண்டி.

பீளமேடு பட்டறை எழுதியது:

பிரிந்து இறங்கும் தொல்லை தீரும், தண்ணீர் தீராது. மூடி வழியாக மழைநீர் இறங்கும் தொட்டிக்கு அதில் என்ன பெட்ரோல் இருக்கிறது என்பது தெரியாது. அந்த வகை விலையும் மிக அதிகம், விற்கும் பங்க்குகளும் குறைவு, விற்பனை மெதுவாக நடப்பதால் சரக்கு தொட்டியில் கூடுதல் நாள் கிடக்கும். சாதாரணப் பம்ப்பிலேயே எத்தனால் இல்லாத பெட்ரோலையும் தர வேண்டும் என்று கேட்ட மனுவை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டதால், அந்தத் தெரிவு இப்போதைக்கு வரப்போவதில்லை.

உங்கள் 2016 வண்டிக்கு நான் பரிந்துரைப்பது இவ்வளவுதான். பெட்ரோல் குழாயையும் ரப்பர் வளையங்களையும் 20 விழுக்காடு எத்தனாலுக்கு ஏற்றவையாக அடுத்த சர்வீஸில் மாற்றிக்கொள்ளுங்கள். டேங்க் மூடியின் ரப்பர் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். பங்க்கின்மேல் பழி போட்டுக்கொண்டு வந்த வண்டிகளில் சிலவற்றுக்கு வெறும் மூடி ரப்பரை மாற்றி அனுப்பியிருக்கிறேன். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பதானால் அரை டேங்க் எத்தனால் பெட்ரோலோடு விட்டுவிடாதீர்கள். காலியிடத்துக் காற்றின் ஈரத்தை அது மெல்ல மெல்ல இழுத்துக்கொள்ளும். பல்லாவரம் நண்பர் அந்தப் பாட்டிலைச் சாக்கடையில் கொட்ட வேண்டாம். புகார் முடியும் வரை இறுக மூடி, வெயில் படாத இடத்தில், வீட்டுக்கு வெளியே வைத்திருந்து, பிறகு உங்கள் மெக்கானிக்கிடமே கொடுத்துவிடுங்கள். கழிவு எண்ணெய் எடுக்க வருகிறவரிடம் கேட்டு அவர் ஒப்படைப்பார்.